நான்காம் தொட்டியின் கடைசிக் காட்சி

டூகல்ட் கில்கிரிஸ்ட் தம் வாழ்நாளில் எழுதிய திரைக்கதைகள் மொத்தம் முப்பத்தொன்று. அவற்றில் படமானவை பத்தொன்பது: தொலைக்காட்சிக்குப் பதினாறு, திரையரங்குக்கு மூன்று. முதல் திரைக்கதைக்கு நாற்பத்தொரு காட்சிகள். அவற்றில் ஒன்றுகூட மேசையில் எழுதப்பட்டதில்லை. இரண்டு காட்சிகள் 213-ஆம் எண் கப்பலிலும், முப்பத்தொன்பது காட்சிகள் 214-ஆம் எண் கப்பலிலும், உட்புற இரும்புத் தகடுகளின்மேல் சுண்ணக்கட்டி போன்ற மாக்கல்லால் எழுதப்பட்டன.

போர்ட் கிளாஸ்கோவில் 1931 அக்டோபர் 3-ஆம் தேதி சனிக்கிழமை பிறந்தார். பதினாறு வயதில் டன்ராட் கப்பல் பட்டறையில் வெல்டிங் பயிற்சிக்குச் சேர்ந்தார்; எல்லாரும் டூகி என்றே கூப்பிட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் அவருடைய வாழ்க்கையில் குறித்துவைக்கும்படி நடந்தவை ஒரு கல்யாணமும் நான்கு குழந்தைகளும் ஒரு கால்விரல் முறிவும்தான். 1972 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தொலைக்காட்சியில் கப்பல் பட்டறையைப் பற்றி ஒரு நாடகம் போட்டார்கள். அதில் வெல்டர் முகமூடி இல்லாமல் வெல்டிங் செய்தார். செய்துகொண்டே, வாழ்க்கை ஒரு நதி என்றார்.

"முகமூடி எங்கடா உனக்கு" என்று டூகி பெட்டியைப் பார்த்துக் கத்தினார். "நதியாம். எந்த வெல்டர்டா நதியப் பத்திப் பேசினான்?"

மனைவி நெட்டா பின்னிக்கொண்டிருந்த கம்பளியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்ப நீ எழுதேன்."

"எழுதுவேன்."

"எழுது. அதுவரைக்கும் வாய மூடு. எனக்குக் கேக்கல."

அன்றே எழுதப் பார்த்தார். திங்கள்கிழமையும் பார்த்தார். மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் கை மரக்கட்டையாகிவிட்டது. ஆனால் செவ்வாய்க்கிழமை, நவம்பர் 14, கிரேன் பழுதாகி ஒன்றரை மணி நேரம் சும்மா நிற்க நேர்ந்தபோது, பாக்கெட்டில் இருந்த மாக்கல்லை எடுத்து, சற்றுமுன் பக்கத்தில் இரண்டு பேர் போட்ட சண்டையை எதிரே இருந்த தகட்டில் எழுதினார். மொத்தமும் பெரிய எழுத்தில் எழுதினார். கை நிற்கவில்லை. தேநீர் இடைவேளையில் அதைச் சிவப்பு அட்டை நோட்டில் படியெடுத்துக்கொண்டார். அதுதான் முதல் காட்சி. அதற்குப் பிறகு அதுவே வழக்கமாயிற்று: காத்திருக்கும் நேரத்தில் தகட்டில் எழுதுவது, இடைவேளையில் நோட்டுக்கு மாற்றுவது, வீட்டில் நெட்டா தான் வேலை பார்த்த ரொட்டிக் கடையின் தட்டச்சுப் பொறியில் அடிப்பது. தகட்டில் இருந்த எழுத்து இரண்டொரு நாளில் பெயின்டுக்கு அடியில் போய்விடும். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

கதை ஒரு அப்பாவையும் மகனையும் பற்றியது. மகன் வேறு தேவாலயத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். பதினோரு வருஷமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. ஆனால் இருவருக்கும் வேலை ஒரே பட்டறையில், பல நாள் ஒரே தகட்டின் இரண்டு பக்கங்களில்.

பட்டறையில் இதற்கு ஒரு சிக்கல் வந்தது. டன்ராடில் ஒவ்வொரு தொழிலுக்கும் எல்லை உண்டு. வெல்டர் தொடக்கூடிய கருவியைத் தச்சர் தொட்டால் அன்றைக்கு வேலை நின்றுவிடும். தகட்டில் மாக்கல்லால் அளவு குறிப்பது, தகடுகளை வெட்டிப் பொருத்தும் தகட்டுக்காரர்களின் வேலை. அவர்களுடைய சங்கப் பிரதிநிதி ஜாக் ராட்ரே, பிப்ரவரி 6-ஆம் தேதி காலையில் டூகியின் பன்னிரண்டாம் காட்சிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் ராட்ரே. "ஆனா மாக்கல் எங்களுது."

"நான் அளவு குறிக்கலியே ஜாக். பேச்சுதான எழுதறேன்."

"பேச்சு சரி. ஒவ்வொரு பேருக்குக் கீழயும் கோடு இழுத்திருக்கியே, அது என்ன? தகட்டு மேல கோடு. அது யார் வேலை?"

நாற்பது நிமிடம் கூட்டம் நடந்தது. முடிவு இது: எழுத்து வெல்டருடையது, கோடு தகட்டுக்காரருடையது. அன்றிலிருந்து டூகி ஒரு காட்சியை எழுதி முடித்ததும் ஒரு தகட்டுக்காரர் இரும்பு அளவுகோலோடு வந்து, பேர்களுக்கு அடியில் கோடு போட்டுவிட்டுப் போவார். கோடு போடுகிறவர் படிக்காமலா இருப்பார்? மார்ச் முடிவதற்குள் கதை பட்டறை முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த மகன் பேசுவானா மாட்டானா என்று உணவுக்கூடத்தில் இரண்டு கட்சி உண்டாயிற்று.

ஏப்ரலில் டூகி முதல் முப்பது காட்சிகளைக் கிளாஸ்கோவில் இருந்த தொலைக்காட்சி நிலையத்துக்கு அனுப்பினார். நாடகங்களைத் தேர்ந்தெடுக்கும் மிஸ் ஃபின்ட்லேட்டர் ஏழே நாளில் பதில் போட்டார். மே 14, திங்கட்கிழமை லண்டனுக்குப் போகிறேன், அடுத்த ஆண்டுக்கான நாடகங்களை அங்கேதான் முடிவு செய்வார்கள், முழுக்கதையும் கையில் இருந்தால் கொண்டுபோவேன், முடிவில்லாத கதையைக் கொண்டுபோக மாட்டேன் என்று எழுதியிருந்தார். அடுத்த வாய்ப்பு ஓராண்டு கழித்துத்தான். அதற்குள் பட்டறையே இருக்குமா என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது.

மே 10, வியாழக்கிழமை பிற்பகல், 214-இன் அடிப்பகுதியில், மேலே ஆள் இறங்கும் ஓட்டை மட்டுமே உள்ள நான்காம் எண் இரும்புத் தொட்டிக்குள் உட்கார்ந்து டூகி கடைசிக் காட்சியை எழுதினார். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். அப்பாவுக்கு அது வேலையின் கடைசி நாள். தோழர்கள் விடை கொடுக்கிறார்கள். பிறகு வாசலில் அப்பாவும் மகனும் எதிரெதிரே. மகன் வாய் திறக்கிறான். இருபத்திரண்டு வரிகள் பேசுகிறான். எழுதி முடித்தபோது டூகிக்குக் கண் கலங்கியிருந்தது. தம் வாழ்க்கையில் எழுதியதிலேயே உயர்ந்தது இதுதான் என்று நினைத்தார். 4.15-க்குச் சங்கு ஊதியது. நாளைக்குத் தேநீர் இடைவேளையில் படியெடுத்துக்கொள்ளலாம் என்று ஏறி வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை 7.45-க்கு ஃபோர்மன் கோவன் அவரைக் கப்பல் துறையின் மறுகோடிக்கு அனுப்பினார். நான்காம் தொட்டியிலிருந்து அரை மைல். சரி, தேநீர் இடைவேளை போனால் போகட்டும், எப்படியும் இன்று மதியம் எடுத்துவிடலாம் என்று டூகி நிதானமாகவே இருந்தார்.

10.20-க்கு நெட்டா வாசலுக்கு வந்துவிட்டாள்; காவலர் டூகியைக் கூப்பிட்டனுப்பினார். ரொட்டிக் கடையின் வெள்ளைத் தொப்பி தலையிலேயே இருந்தது. கையில் தந்தி.

"பிரிச்சுட்டேன், கோவிச்சுக்காத" என்றாள். "அந்த அம்மா திங்கக்கெழம போகலியாம். இன்னிக்கு சாயங்காலமே லண்டன் ரயிலாம். அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல முழுசா வேணுமாம். முழுசான்னு ரெண்டு தடவ போட்டிருக்கு."

"இன்னிக்கா?"

"மத்த நாப்பதும் அடிச்சு வெச்சிருக்கேன். கடைசி எங்க?"

டூகி கப்பல் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

நெட்டா கண்ணை மூடித் திறந்தாள். "வீட்டுல மேச இருக்கு. மேசைக்கு நாலு காலும் இருக்கு. இந்த மனுஷன் கப்பலுக்குள்ள குப்புறப் படுத்து எழுதறாரு. போ. எடுத்துட்டு வா. ஒரு மணியிலேருந்து இங்கயே நிப்பேன்."

"கடைக்குப் போகலியா?"

"கடைல பல்லு வலின்னு சொல்லிட்டேன். போ."

டூகி நேராக ஃபோர்மனிடம் ஓடினார். கோவன் ஐம்பது வயதுக்காரர். சிரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. சாப்பாட்டு நேரம் வரை வேலையை விட்டு நகர முடியாது என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

"நாலாம் தொட்டியா? ஒரு மணிச் சங்குக்கு அதுல பெயின்டர்ங்க எறங்குறாங்க. கறுப்புத் தார். சீட்டுல நானே கையெழுத்துப் போட்டாச்சு."

12.30 முதல் ஒரு மணி வரை அரை மணி நேரம். அதில் அரை மைல் ஓட வேண்டும். படியெடுக்க எத்தனை நேரம் ஆகும் என்று டூகி மனக்கணக்குப் போட்டார்: பதினான்கு நிமிடம். அதற்குள் நினைவிலிருந்தே எழுதிவிடலாம் என்று ஒரு தகட்டின் பின்பக்கம் முயன்று பார்த்தார். அங்கேதான் விசித்திரம். மற்ற நாற்பது காட்சிகளையும் அவரால் வரி பிசகாமல் சொல்ல முடியும். இந்த இருபத்திரண்டு வரிகளில் மூன்றாவதற்குமேல் ஒன்றும் வரவில்லை. நான்கு முறை தொடங்கினார். நான்கு முறையும் துடைத்தார்.

12.30. சங்கு ஊதி முடிவதற்குள் டூகி பாதி வழியில் இருந்தார். கையில் நோட்டு, காதில் பென்சில். கால்விரல் முறிந்த பிறகு அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. எதிரே சாப்பாட்டுக்குப் போன கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது.

"பின்னாடி யாரு, டூகி, வரி ஆபீசரா?"

"கடைசி சீனு! தார் அடிக்கப் போறாங்க!"

கூட்டத்தில் பாதி திரும்பி அவரோடு ஓட ஆரம்பித்தது.

12.37-க்கு நான்காம் தொட்டி. அதன் வாய் மூடியிருந்தது. மழைக்காக முந்தின இரவு மூடியைப் போட்டு நான்கு போல்ட்டுகளை முடுக்கிவிட்டிருந்தார்கள். யாரோ ஒரு ஸ்பானரை நீட்டினார். டூகி குனிந்தார்.

"ஏய், ஏய்" என்று ஒரு குரல். ஃபிட்டர் பெர்னி மெகார்ரி, கையில் கடித்த ரொட்டியோடு வந்துகொண்டிருந்தார். "வெல்டர் கையில ஸ்பானரா? வை கீழ."

"பெர்னி, நேரமில்லப்பா."

"நேரமில்லன்னுதான் நானே வந்தேன். போல்ட்டு எங்க வேலை." ரொட்டியை டூகியின் கையில் கொடுத்தார். "பிடி. சாப்ட்டுடாத. எலக்ட்ரீசியன் எங்க? உள்ள கும்மிருட்டு. வெளக்க இவன் கையால எறக்கினா நாளைக்கு நாம தெருவுலதான் நிக்கணும்."

எலக்ட்ரீசியன் உணவுக்கூடத்திலிருந்து சூப்புக் கிண்ணத்தோடு ஓடிவந்தார். ஏணி வைப்பது சாரம் கட்டுகிறவர் வேலை, அவரும் வந்தார். மூன்று தொழிலாளிகளும் அவரவர் வேலையை மட்டும், ஆனால் டன்ராட் அதுவரை கண்டிராத வேகத்தில் செய்தார்கள். நான்கு போல்ட்டுகளும் மூன்று நிமிடத்தில் கழன்றன. பெர்னிக்கு வழக்கமாக அதற்கு ஒரு மணி நேரம் ஆகும்.

"இத யாரும் ஃபோர்மன் கிட்டச் சொல்லாதீங்க" என்றார் பெர்னி. "அப்புறம் தெனமும் இப்படியே கேப்பாரு."

12.45-க்கு டூகி உள்ளே இறங்கினார். விளக்கை உயர்த்திப் பார்த்தார். காட்சி இருந்தது. உயிர் திரும்பி வந்தது. அடுத்த கணம் வாய் பிளந்தது.

தோழர்கள் விடைகொடுக்கும் பகுதி அப்படியே இருந்தது. ஆனால் மகனின் இருபத்திரண்டு வரிகளுக்கும் நடுவே, ஒவ்வொரு வரிக்கும் ஒன்றாக, இருபத்திரண்டு கோடுகள். எல்லாம் வரியை அடிக்கும் கோடுகள். ஒன்றும் கோணவில்லை. அளவுகோல் வைத்துப் போட்டவை.

"ராட்ரே!"

தொட்டிக்குள் அந்தப் பெயர் நான்கு முறை எதிரொலித்தது. மேலே கூட்டம் விலகியது. ராட்ரேயின் தலை ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது.

"நீதான அடிச்ச?"

"நேத்து மூடி போடறதுக்கு முன்னால கோடு நான்தான் போட்டேன்" என்றார் ராட்ரே அமைதியாக. "போடச் சொன்னாங்க, போட்டேன். கோடு எங்க வேலை. கூட்டத்துல நீயும் ஒத்துக்கிட்டதுதான்."

"யாரு சொன்னா?"

"ஷியரர்."

இன்னிஸ் ஷியரர் பெயின்டர். ஐம்பத்தெட்டு வயது. ஒல்லியான மனிதர். தார் வாடையோடு முப்பது வருஷம் இருந்ததில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட யாரும் விரும்பியதில்லை. அவரும் யாரோடும் அதிகம் பேசியதில்லை. அவர் ஏற்கெனவே தொட்டிக்கு வெளியேதான் வாளியோடு நின்றுகொண்டிருந்தார், ஒரு மணிச் சங்குக்காக. கூட்டம் அவரை முன்னால் தள்ளியது.

"இங்க பாரு ஷியரர்" என்றார் டூகி கீழேயிருந்து. "என் எழுத்த அடிக்க நீ யாரு?"

"அடிச்சு மறைக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றார் ஷியரர். "நாப்பது சீனும் நான்தான் மறைச்சேன். ஒவ்வொண்ணும் படிச்சுட்டுத்தான் மறைச்சேன். ரெண்டு தடவ படிச்சுட்டு. பத்தொம்பதாவது சீன மறைக்க மனசு வரல, ஒரு நாள் தள்ளிப் போட்டேன். திட்டு வாங்கினேன்."

பட்டறையில் எல்லாருக்கும் கதை தெரியும். ஆனால் துண்டு துண்டாக. நாற்பதையும் வரிசையாக முழுக்கப் படித்த ஒரே மனிதர் அவற்றை அழித்தவர்.

"அப்ப இதுல மட்டும் என்ன கொற?"

"பதினோரு வருஷம் பேசாதவன் வாயத் தொறந்தா இருபத்திரண்டு வரியா வரும்?" என்றார் ஷியரர். "தொண்ட அடச்சுக்கும்யா."

"அது கதைக்கு வேணும்."

"உரக்கப் படிச்சுப் பாரு."

12.49. பெர்னியும் மேலிருந்து சொன்னார்: "படி டூகி, நாங்களும் கேக்கறோம். நான் மகன் பேசணும்கிற கட்சி."

டூகி விளக்கைப் பிடித்துக்கொண்டு கோடுகளின் அடியில் இருந்த வரிகளை உரக்கப் படித்தார். அப்பா, இத்தனை ஆண்டுகளாக நமக்கிடையே நின்றது இரும்பு அல்ல, நம் கர்வம்தான் என்று தொடங்கியது. நான்காம் வரியில் மேலே யாரோ இருமினார். ஏழாம் வரியில் எலக்ட்ரீசியன் சூப்பை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பாதிரியார் பேசற மாதிரி இருக்கே" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்.

"சும்மா இருடா."

ஒன்பதாம் வரியில் டூகியே நின்றுவிட்டார். வாழ்க்கை ஒரு பெரிய கப்பல் என்று மகன் சொல்லத் தொடங்கும் வரி அது. காலையிலிருந்து நான்கு முறை முயன்றும் அது ஏன் நினைவுக்கு வரவில்லை என்று இப்போது புரிந்தது. அந்த மாதிரி பேசி அவர் யாரையும் கேட்டதே இல்லை.

"கீழ பாரு" என்றார் ஷியரர். "வலது மூலையில."

விளக்கைத் தாழ்த்தினார். அங்கே மூன்று வரிகள் இருந்தன. மாக்கல்லால் எழுதப்பட்டவை அல்ல. வெள்ளைப் பெயின்டில், மெல்லிய தூரிகையால், பெயின்டர்கள் கப்பலின் முகப்பில் பெயர் எழுதும் அந்த அழகான கையெழுத்தில். டூகி அதையும் உரக்கப் படித்தார்.

"மகன்: பஸ்ஸுக்கா?"

"அப்பா: இல்ல. நடந்து."

"மகன்: நானும் அந்தப் பக்கந்தான்."

மேலே யாரும் இருமவில்லை. எலக்ட்ரீசியனின் கிண்ணத்திலும் சத்தமில்லை.

பெர்னிதான் முதலில் பேசினார். "என் ரொட்டி எங்கடா?"

நேற்றுக் கண்ணீரோடு எழுதிய இருபத்திரண்டு வரிகள் ஒரு பக்கம், மூன்று வரிகள் ஒரு பக்கம். அவமானமாக இருந்தது. ஆனால் அந்த மூன்று வரிகளுக்குப் பிறகு அப்பாவும் மகனும் மலைச்சரிவில் ஏறி நடந்து போவது அவருக்குத் தெளிவாகவே தெரிந்தது. யார் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்பதுகூட. இருபத்திரண்டு வரிகளுக்குப் பிறகு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"டூகி, பன்னண்டு அம்பத்தி மூணு" என்றார் ராட்ரே.

நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். விடைகொடுக்கும் பகுதியை முதலில். தோழர்கள் கிண்டல் செய்வதும், அப்பா டீ டப்பாவை யாருக்குக் கொடுப்பதென்று முழிப்பதும், எல்லாம் அடிபடாத வரிகள். மேலே ராட்ரே நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் சொன்னார். பென்சில் ஒருமுறை முறிந்தது. நேற்று ராட்ரேயோடு இறங்கிக் காட்சியைப் படித்திருந்த ஒரு தகட்டுக்காரர் அடுத்த வரியை மேலிருந்து சொல்ல, பென்சிலைச் சீவ பெர்னி ஒரு வசவையும் பின்னாலேயே ஒரு கத்தியையும் வீசினார்.

ஒரு மணிச் சங்கு ஊதியபோது இன்னும் ஆறு வரிகள் இருந்தன. ஃபோர்மன் கோவன் வந்து நின்றார்.

"பெயின்டர், ஏன் இன்னும் எறங்கல?"

ஷியரர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "தார் ஆடை கட்டியிருக்கு, மிஸ்டர் கோவன். கிளறணும்."

"எவ்ளோ நேரம்?"

"ஒழுங்காக் கிளறினா நாலு நிமிஷம்."

கோவன் அவரைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். சுற்றிலும் வேலைக்குப் போகாமல் நின்ற முப்பது பேரைப் பார்த்தார். "ஒழுங்காவே கிளறு" என்றார்.

1.05-க்கு டூகி ஏணியேறி வந்தார். முகமெல்லாம் துரு, முட்டியெல்லாம் துரு. நோட்டு மார்போடு அணைத்திருந்தது. கிளாஸ்கோ ரயிலுக்கு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். கோவன் சட்டைப் பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்தார், பேனாவைத் திறந்தார், ஆனால் எழுதவில்லை.

"கில்கிரிஸ்ட், அதுல ஒரு ஃபோர்மன் வரானாமே."

"ஆமா, மிஸ்டர் கோவன்."

"கடைசில அவன் என்ன ஆறான்? சாகலியே?"

"இல்ல. பென்ஷன் வாங்கிட்டு முயல் வளக்கறார்."

கோவன் கொஞ்சம் யோசித்தார். "புறான்னு மாத்து" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் நெட்டா தட்டச்சுப் பொறியையே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். காவலர் குடிசையில் இருந்த மேசைமேல் வைத்து, டூகி படிக்கப் படிக்க அடித்தாள். கடைசி மூன்று வரிகளை அவர் சொன்னதும் விரல்கள் நின்றன.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "இது நீ எழுதினது இல்ல."

"எப்படித் தெரியும்?"

"பதினேழு வருஷமா உன் பேச்சக் கேக்கறேன் டூகி. உனக்குச் சுருக்கமா ஒண்ணும் சொல்ல வராது." அழுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த மூன்றையும் அடித்தாள். பட்டறை உடுப்பைக் கழற்றச் சொல்லித் தன் கோட்டுக்கடியில் கொண்டுவந்திருந்த ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுவிட்டாள். முகத்தில் இருந்த துருவைத் துடைக்க நேரமில்லை.

பிறகும் எல்லாம் நேராகப் போகவில்லை. 2.28 ரயில் பிஷப்டனுக்கு வெளியே சிக்னலுக்காக ஐம்பத்திரண்டு நிமிடம் நின்றது. அடுத்து பெய்ஸ்லியில் இன்னும் முப்பத்தொன்று. டூகி பெட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்துகொண்டே இருந்ததைப் பார்த்து, எதிரில் இருந்த ஒரு வயதான அம்மாள் அவர் மனைவி பிரசவ வலியில் இருப்பதாக முடிவு செய்து மிட்டாய் கொடுத்தார். கிளாஸ்கோவில் இறங்கியதும் ஓடினார். தொலைக்காட்சி நிலையப் படிகளில் 4.56-க்கு ஏறினார். வாசலில் மிஸ் ஃபின்ட்லேட்டர், ஒரு கையில் பெட்டி, மறு கையால் டாக்ஸிக் கதவைத் திறந்துகொண்டு.

"கில்கிரிஸ்ட்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அந்த அம்மையார் உயரமானவர். அவசரத்தில் இருந்தும் நிதானமாகப் பேசினார். "முழுசா?"

"முழுசா."

கட்டைப் பிரித்துக் கடைசித் தாளை முதலில் எடுத்தார். நின்றபடியே படித்தார். டாக்ஸிக்காரர் ரயிலை நினைவுபடுத்தினார். அவர் கையைக் காட்டி நிறுத்தி, அதே தாளை இன்னொரு முறை படித்தார். பிறகு பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, மூன்று வரிகளுக்குப் பக்கத்தில், ஓரத்தில், 'இதை யாரும் தொடக்கூடாது' என்று எழுதினார்.

"லண்டன்ல கடைசியில இன்னும் நாலு வரி சேக்கச் சொல்வாங்க" என்றார். "அதுக்குத்தான்."

பன்னிரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. மே 23, புதன்கிழமை, 11.10-க்குக் காவலர் குடிசைக்குத் தொலைபேசி வந்தது. காவலர் கத்திய கத்தலில் டூகி வந்து சேர்வதற்குள் குடிசையைச் சுற்றி நாற்பது பேராவது இருந்தார்கள். ராட்ரே இருந்தார், பெர்னி இருந்தார், கோவன் யாரையும் பார்க்காததுபோல் நின்றார். ஷியரர் கூட்டத்துக்குப் பின்னால், வழக்கம்போல் மூன்றடி தள்ளி.

"ஒத்துக்கிட்டாங்க" என்றார் மிஸ் ஃபின்ட்லேட்டர் மறுமுனையில். "ஆகஸ்ட்ல எடுக்கறோம். உங்க பட்டறையிலயே."

டூகி அதைத் திருப்பிச் சொல்லவே தேவையிருக்கவில்லை. முகத்தைப் பார்த்தே குடிசை அதிர்ந்தது. யாரோ தகரத்தில் சுத்தியலால் அடிக்க, அதைக் கேட்டு அடுத்த கப்பலிலும் அடித்தார்கள். காரணம் தெரியாமலேயே பட்டறை முழுக்க இரும்பு முழங்கியது. டூகி ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"ஒரு விஷயம் சொல்லணும் மிஸ். அந்தக் கடைசி மூணு வரி என்னுது இல்ல. இங்க ஷியரர்னு ஒரு பெயின்டர் எழுதினது."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். "அப்ப அவர் பேரும் திரையில வரணும். அவர் கிட்டக் கேளுங்க."

டூகி தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஷியரர்! உன் பேரையும் எழுத்தாளர்னு போடலாமான்னு கேக்கறாங்க."

நாற்பது தலைகளும் திரும்பின. ஷியரர் தூரிகையைக் கைமாற்றிக்கொண்டார். முகத்தில் உண்மையாகவே கலவரம் தெரிந்தது.

"வேணாம்."

"ஏன்யா?"

"நான் பெயின்டர். பெயின்டுல எழுதினா அது பெயின்டிங். அதுல யாரும் தப்பு சொல்ல முடியாது. காகிதத்துல எழுதறது உன் வேலை. என் பேரப் போட்டா நாளைக்கு நான் இன்னொருத்தன் வேலையச் செஞ்சேன்னு ஆகும். எங்க சங்கத்துல என்ன பதில் சொல்வேன்?"

டூகி உதவிக்காக ராட்ரேயைப் பார்த்தார். ராட்ரே கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "அவன் சொல்றது சரி" என்றார்.

"ஒண்ணுமே வேணாமா உனக்கு?"

ஷியரர் தயங்கினார். அவர் ஒரே நாளில் அவ்வளவு பேர் முன்னால் அவ்வளவு பேசியதே இல்லை. இரண்டடி முன்னால் வந்தார். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. இந்த முறை வாடைக்காக அல்ல.

"அந்த மகனா நடிக்கிறவன் இருக்கான்ல" என்றார். "'நானும் அந்தப் பக்கந்தான்'னு சொல்லும்போது, அப்பன் மூஞ்சியப் பாத்துச் சொல்லக் கூடாது. எங்கயாச்சும் ரோட்டப் பாத்துச் சொல்லச் சொல்லு."

டூகி தொலைபேசியைக் காதில் வைத்தார். சொல்ல வாயெடுத்தார்.

"கேட்டுச்சு" என்றார் மிஸ் ஃபின்ட்லேட்டர். "எழுதிக்கிட்டேன்."